வழிகாட்டி திரும்பச் சொன்ன இடம்: பனியாற்று மலைகளில் பனிச்சறுக்குப் பயண அனுபவங்கள்

பாம்பன், தற்போது ஜெனீவா:

பிரான்சின் ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை ஆல்ப்ஸ் மலையில் பல நாள் செல்லும் ஓத் ரூட் பனிச்சறுக்குப் பாதையைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டதால் பாதையை நான் விவரிக்கப்போவதில்லை. இரவு தங்கும் மலைக்குடில்களான டீஸ் குடிலுக்கும் வின்யெட் குடிலுக்கும் இடையில் நடந்த ஒன்று மட்டும் என்னை இன்னும் விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. முந்தைய நாள் மாலை 5 மணிக்கு டாவோஸ் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் பனிச்சரிவு அபாய நிலை 3 என்று இருந்தது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டின் எண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அவை 11 வரை போகும் என்று அறிந்தவனுக்கு, 3 என்ற எண் எவ்வளவு சிறியதாகத் தோன்றும் என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

இருட்டிலேயே நெற்றி விளக்குடன் புறப்பட்டோம். செர்பந்தீன் சுவருக்குக் கீழே சரிவு செங்குத்தாகத் தொடங்கும் இடத்தில், எங்கள் காலடியில் அடிவயிற்றில் உணரும்படி ஒரு சத்தம் கேட்டது. பனிப்பரப்பு முழுவதும் இரண்டு விரற்கடை தாழ்ந்தது. முன்னே சென்ற வழிகாட்டி ஊன்றுகோலைத் தூக்கி எங்களை நிறுத்தினார். மண்வெட்டியால் வெட்டி, மேலடுக்குக்குக் கீழே கல்லுப்பைப் போல ஒட்டாமல் உதிர்ந்த மணிகளை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். "இன்று பீன் தரோல்லா இல்லை" என்றார். வின்யெட் குடிலுக்குப் போகும் வழியில் நாங்கள் ஏறவிருந்த சிகரம் அது. அவ்வளவுதான். வந்த வழியே இறங்கி, பா த ஷெவ்ர் கணவாயின் இரும்பு ஏணிகள் வழியாக அரோல்லா ஊருக்குப் போனோம்.

அன்று மாலைதான், வேறொரு குழு அதே சரிவில் ஏறி வின்யெட் குடிலுக்குப் பத்திரமாகச் சேர்ந்துவிட்ட செய்தி வந்தது. "அவர்கள் கடந்ததனால் அது நல்ல சரிவு ஆகிவிடாது" என்றார் வழிகாட்டி. நான்கு பேரும் கட்டணத்தை முழுவதும் முன்கூட்டியே செலுத்தியிருந்தோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

கீழக்கரை, தற்போது துபாய்:

பாம்பன் அண்ணனின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் வழிகாட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறு.

பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே காணொளி அழைப்பில் அவர் என்னை ஏறக்குறைய நேர்முகத் தேர்வு செய்தார். ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுவாய், செங்குத்துச் சரிவில் பனிச்சறுக்குக் கட்டையைத் தூக்கித் திரும்பும் கிக் டர்ன் வருமா, பதப்படாத பனியில் சுமையுடன் இறங்கியிருக்கிறாயா என்று கேட்டார். குல்மார்கில் எடுத்த காணொளியை அனுப்பச் சொன்னார். ராமநாதபுரம் மாவட்டத்தில் பயிற்சிக்கு மேடு எங்கே இருக்கிறது? ராமேஸ்வரம் தீவிலேயே உயர்ந்த இடமென்றால் கந்தமாதன பர்வதம்தான். அது ஒரு மணல்மேடு. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நாட்களில் பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். உம்மா வாசலில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது ஷாமோனியில் முதல் நாள் மாலையைப் பற்றி. அவர் என் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கி எடை பார்த்து, இரண்டாவது கால்சட்டை, துண்டு, புத்தகம், சோப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளினார். பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியான டிரான்ஸ்ஸீவர், மண்வெட்டி, பனித்துளாவும் கம்பி, கயிற்றுக் கச்சை, காலணியில் மாட்டும் முள்தகடான கிராம்பான் ஆகியவற்றை மறுபக்கம் வைத்தார். கடைசியாக வாழையிலையில் சுற்றியிருந்த எங்கள் ஊர் இனிப்பான தொதலைப் பிரித்து, ஒரு துண்டு வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதை இரண்டாவது குவியலில் வைத்தார். அந்தக் குவியலில் தேவையற்றது ஒன்றுகூட இருக்க விடாத மனிதர் அவர்.

தொண்டி, தற்போது லியோன்:

என் அனுபவம் சிறியது. பகல் ஒரு மணிக்கு மேல், வெயிலில் இளகிய பனிப்பாலம் ஒன்று என் எடையில் உள்வாங்கி, பனிப்பிளவுக்குள் இடுப்பு வரை இறங்கினேன். கயிறு இறுகியது, வெளியே இழுத்தார்கள். கால்கள் எதையும் தொடாமல் தொங்கியதும், கீழிருந்து வந்த குளிர்ந்த காற்றும் மட்டும் நினைவில் நிற்கின்றன. விடியலில் கல்லாக இறுகியிருக்கும் பாலம் மதியத்துக்குள் பலமிழந்துவிடும் என்பதால்தான் நான்கு மணிக்கே எழுப்புகிறார்கள்.

பாம்பன் நண்பரின் கேள்வியை நான் ஏற்கவில்லை. பனிச்சரிவு அளவுகோலில் இருப்பவை ஐந்தே படிகள். ஒவ்வொரு படியிலும் அபாயம் சீராகக் கூடுவதில்லை, தாவிப் பெருகுகிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 3ஆம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். 4 என்றால் பெரும்பாலோர் குடிலை விட்டே வெளியேறுவதில்லை. காலடியில் பனி அமுங்கிச் சத்தமிடுவது, நலிந்த அடுக்கு உடைந்துவிட்டதற்கான நேரடிச் சான்று. அதன்பிறகு நான்கு பேரிடமும் கைதூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்துவதற்கு அது கிராமசபைக் கூட்டமா?

புதிதாகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில செய்திகள். வழிகாட்டியிடம் பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் பதக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ காப்பீடு பெரும்பாலும் பனியாற்றுப் பயணத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்க்காது, ஆகவே தனிக் காப்பீடு வாங்கி விதிவிலக்குப் பகுதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். சுவிட்சர்லாந்தில் ரேகா வான்மீட்புக்கு 1414 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். குடில்களில் போர்வை கிடைக்கும், போர்வைக்குள் விரித்து உறங்கும் மெல்லிய துணிப்பையான உட்பையை நீங்கள் கொண்டுபோக வேண்டும்; குடிநீரையும் விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும். கடல்மட்டத்திலிருந்து வருகிற நாம் 2,900 மீட்டரில் உறங்குவதற்கு முன் இரண்டொரு நாள் ஷாமோனியிலேயே உயரத்துக்குப் பழகுவது நல்லது. டிரான்ஸ்ஸீவருக்கு மறுமின்னேற்ற மின்கலம் போட்டால் செலவு மிச்சம். மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை ஏற்ற காலம். பதக்கம் பெற்ற வழிகாட்டி கிடைத்துவிட்டால் பிறகு நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

மண்டபம், கப்பல் பணி:

தொண்டி நண்பரின் கடைசி வரியை மறுக்காமல் இருக்க முடியவில்லை. 2018 ஏப்ரல் இறுதியில், இதே பீன் தரோல்லா பகுதியில், 14 பேர் புயலில் சிக்கி வின்யெட் குடிலுக்குச் சில நூறு மீட்டர் தொலைவிலேயே இரவைத் திறந்த வெளியில் கழித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்டி. மோசமான வானிலை வருமென்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. பதக்கம் இருந்தால் கவலையில்லை என்று எழுதுவதற்கு முன் அந்தக் குடிலின் முற்றத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

திசைகாட்டியும் ரேடாரும் என் தொழில் என்பதால் வழி தவறுவது எனக்குப் புரியாத ஒன்றாகவே இருந்தது. வின்யெட்டிலிருந்து லெவெக் கணவாய் நோக்கிப் போனபோது மேகம் இறங்கியது. மூடுபனிக் கடலில்கூடக் கப்பலின் விளிம்பு எது, தண்ணீர் எது என்று தெரியும். அங்கே மேல், கீழ், முன் எதுவுமே இல்லை. நான் நின்றுகொண்டிருப்பதாக நினைத்தபோது கட்டைகள் நகர்ந்துகொண்டிருந்தன. விழுந்த பிறகுதான் அது தெரிந்தது. வழிகாட்டி கையில் பனியை உருண்டையாகப் பிடித்து முன்னே எறிந்தார். உருண்டை விழுந்து நின்றால் அங்கே தரை இருக்கிறது. அந்த இடம் வரை நகர்வோம். மறுபடி ஓர் உருண்டை. ஒன்று எறிந்ததும் காணாமல் போனது. அவர் இடப்பக்கம் திரும்பி இன்னொன்றை உருட்டினார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

ஜி.பி.எஸ். கருவி அவர் கழுத்தில்தான் தொங்கியது. பாதை எங்கே என்று அது சொல்லும்; காற்று நேற்றிரவு அரித்த விளிம்பு எங்கே என்று சொல்லாது.

ஆகவே பாம்பன்காரரே, உங்கள் வழிகாட்டி உங்களைக் கேட்டிருக்க வேண்டாம் என்பதில் தொண்டி சொல்வது சரி. ஆனால் முந்தைய இரவு குடிலில் வரைபடத்தை விரித்து, எந்த இடத்தில் எதைக் கண்டால் திரும்புவோம், திரும்பினால் எந்த வழி என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை கட்டணம் கட்டியவருக்கு உண்டு.

பாம்பன், தற்போது ஜெனீவா:

மண்டபத்தாரே, அவர் சொல்லவில்லை. ஏணி வழியாக இறங்கலாம் என்பதே எங்களுக்குச் சரிவில் நின்றபோதுதான் தெரியவந்தது. என் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த ஆண்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும் வழிகாட்டியிடம், அரோல்லாவில் ஓர் உபரி நாளை ஒப்பந்தத்திலேயே எழுதும்படியும், பாதையை மாற்றினால் விடுதிச் செலவை யார் ஏற்பது என்பதைக் குறிப்பிடும்படியும் கேட்டிருக்கிறேன்.

கீழக்கரை, தற்போது துபாய்:

தொண்டிக் காக்கா, பட்டியலுக்கு நன்றி, யாரும் கேட்காவிட்டாலும். அதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். மின்கலம் மாற்றும் டிரான்ஸ்ஸீவர்களில் சாதாரண மறுமின்னேற்ற மின்கலத்தைப் போடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். அவற்றின் மின்னழுத்தம் கடைசி வரை நிமிர்ந்து நின்று திடீரென்று விழுவதால், திரை காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது. புதிய ஆல்கலைன் மட்டும் போடுங்கள்.