உட்கார்ந்தே வந்த சர்க்கரை: உங்களுக்கு எப்போது தெரிந்தது?

சூளகிரி தம்பி:
வயது 36. ஆறு வருடமாக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு அக்கா வருவார். (2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டத்தை எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள்.) போன வாரம் அம்மாவுக்குக் குத்திப் பார்த்துவிட்டு, "நீயும் கையை நீட்டு தம்பி" என்றார். மீட்டரில் 312. ஒன்றும் பேசாமல் என் விரலை நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினார். 305. அம்மாவுக்கு 168தான். 64 வயதிலும் தினமும் கொத்தமல்லிக் கட்டு கட்டப் போகிறவர். "யாருக்குடா முந்நூறு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தர்மபுரி டிரைவர்:
22 வருடம் ஸ்டியரிங். ஓசூர் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடை வரை போய்விட்டேன். கண்டக்டர் பின்னால் ஓடிவந்து என் இடது செருப்பை நீட்டினார். கழன்று படியிலேயே கிடந்ததாம். வெயிலில் கொதிக்கிற தார் மேல் வெறுங்காலோடு நடந்தது எனக்குத் தெரியவே இல்லை. சுகர் கூடினால் கால் மரத்துப்போகுமாம். அன்றைக்குத்தான் சுகர் பார்த்தேன், இருந்தது. அவரும் நானும் ஒரே வயது, ஒரே ஓட்டல் சாப்பாடு. அவருக்கு இல்லை. 1953இல் லண்டன் மாடி பஸ்களில் ஆராய்ந்தபோது, படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம் இருந்ததாக டாக்டர் சொன்னார்.

பென்னாகரம்:
எல்லாம் ரேஷன் அரிசி வந்த பிறகுதான். களிக்குத் திரும்புங்கள், சுகர் அண்டாது. எங்கள் தாத்தாவுக்குக் கடைசி வரை இல்லை.

பாலக்கோட்டு அக்கா:
பென்னாகரம் அண்ணா, தப்பு. எங்கள் அப்பா இரண்டு வேளையும் களிதான். மாட்டை விற்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, டிவி முன்னால் உட்கார்ந்த மூன்றாம் வருடம் சுகர் வந்தது. களியும் மாவுச்சத்துதான். உங்கள் தாத்தா அதைத் தின்றுவிட்டு ஏர் ஓட்டினார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அந்த வழி அடைந்த மாதிரிதான். கொஞ்ச நாளில் இன்சுலின் சொன்னாலும் தசை சரியாகக் கேட்காது.

தம்பி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை (HbA1c) பாருங்கள், 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய்தான். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். போன் பேசும்போது எழுந்து நில்லுங்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு வெறும் வயிற்றில் வேகமாக நடக்காதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கலாம். டிரைவர் அண்ணா, நீங்கள் முதலில் பாதத்தைப் பாருங்கள். தினமும் ராத்திரி, கண்ணாடி வைத்து, விரல் இடுக்கு வரைக்கும். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்குங்கள்.

தர்மபுரி டிரைவர்:
வாங்கிவிட்டேன் அம்மா. பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் இருந்தது, நேற்றுதான் கண்ணில் பட்டது. காலையில் காட்டப் போகிறேன்.

சூளகிரி தம்பி:
மூன்று மாதச் சராசரி 9.4 வந்தது. மாத்திரை தொடங்கியாயிற்று. இன்றைக்கு அம்மாவோடு கொத்தமல்லிக் கொல்லைக்கு நடந்தே போனேன். மேட்டில் இரண்டு இடத்தில் அம்மா நின்று, நான் வருகிற வரைக்கும் காத்திருந்தார்.