தினசரி விற்பனைக் கணக்கை விநியோகஸ்தரிடம் கொடுக்கலாமா?

கடைத்தெருக்காரன்:
பினாங்கு லெபு பசாரில் அப்பா காலத்து மளிகைக் கடை எங்களுடையது. பால் டின், பிஸ்கட், சவர்க்காரம் கொண்டுவரும் விநியோகஸ்தரின் சேல்ஸ்மேன் போன புதன்கிழமை கையில் டேப்லெட்டோடு வந்தார். இனிமேல் நாங்கள் ஆர்டரே போட வேண்டாமாம். கல்லா மெஷினில் என்ன விற்றது என்பது தினமும் ராத்திரி அவர்களுக்குப் போய்விடுமாம். எது எத்தனை பெட்டி என்று அவர்களே பார்த்து இறக்கிவிடுவார்களாம். கூடவே விலையில் 2 விழுக்காடு கழிவு. எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் ஏணி போட்டு ஏறி டின் எண்ணுகிறவன் நான்தானே. அப்பாவோ, "நம்ம கல்லாவை அவன் எண்ணுறதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இப்படிக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிறைக் கிடங்கு:
தாராளமாகக் கொடு தம்பி. பிறையில் ஒரு கிடங்கில் 14 வருஷமாகச் சரக்கு அனுப்புகிறேன். உன் விநியோகஸ்தருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கண்ணில் படுவது ஆர்டர் மட்டும்தான், விற்பனை இல்லை. ஒரு கடை மூன்று வாரம் வாய் திறக்காது. நான்காம் வாரம் 60 பெட்டி கேட்கும். ஜனங்கள் திடீரென்று காப்பியை அண்டா அண்டாவாகக் குடித்தார்களா? இல்லை, மாதக் கடைசிக் கழிவு அறிவித்திருப்போம். அந்த 60-ஐப் பார்த்து மிரண்டு நாங்கள் ஆலையிடம் 90 கேட்போம். ஆலை 120-க்கு மூலப்பொருள் வாங்கி வைக்கும். சாட்டை விளைவு என்பார்கள். கைப்பிடி லேசாக அசைந்தாலே நுனி சுளீர் என்று வீசும்.

பி அண்ட் ஜி கம்பெனி பாம்பர்ஸ் டயப்பர் வியாபாரத்தில் இதைக் கவனித்தது. குழந்தைகள் வாரா வாரம் ஒரே அளவில்தான் நனைக்கின்றன, ஆர்டர் மட்டும் ஏறி இறங்குகிறது. 1997-ல் ஹவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு நான்கு காரணங்கள் எழுதினார்கள். மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவதும், கழிவுக்காக வாங்கிக் குவிப்பதும் அதில் உண்டு. வால்மார்ட்டும் பி அண்ட் ஜியும் 1980-களின் கடைசியிலேயே விற்பனைக் கணக்கைப் பகிர ஆரம்பித்துவிட்டன. 1991-ல் ரீட்டெய்ல் லிங்க் என்ற வால்மார்ட்டின் கணக்குப் பகிர்வு முறை வந்து மற்ற சப்ளையர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. நாம் இன்னும் சேல்ஸ்மேனின் வாட்ஸ்அப்புக்கு "பொஸ், பால் டின் முடிஞ்சிருச்சு" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

555 புத்தகம்:
அண்ணே, வால்மார்ட் கதை வால்மார்ட்டுக்குத்தான் பொருந்தும். பி அண்ட் ஜி ஏமாற்றினால் வால்மார்ட் அலமாரியில் இடமில்லை என்று சொல்லிவிடலாம். இந்தத் தம்பி எதைக் காட்டி மிரட்டுவார்? இருபது அடிக் கடையையா?

நானும் பட்டர்வொர்த்தில் ஒரு விநியோகஸ்தருக்கு இரண்டு வருஷம் கணக்கு கொடுத்தேன், பேர் வேண்டாம். பருப்பு, மசாலாத்தூள் எல்லாம் எந்த எடையில் எந்தக் கிழமை போகிறது என்று என் கல்லாவே அவருக்குப் பாடம் நடத்தியது. மூன்றாம் வருஷம் அவருடைய சொந்தப் பாக்கெட் பருப்பு வெளிவந்தது. அரைக் கிலோ, ஒரு கிலோ, எனக்கு ஓடுகிற அதே எடைகள். இரண்டு கடை தள்ளி இருக்கிற மினி மார்க்கெட்டில் என்னைவிட 40 காசு குறைவு.

சரி, இன்னொன்று. என் வியாபாரத்தில் பாதி 555 நோட்டில், அந்தச் சின்னக் கடன் புத்தகத்தில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன், யாருக்குச் சம்பளம் ஏழாம் தேதி, யார் வீட்டில் கல்யாணம். அது எந்த மெஷினுக்கும் தெரியாது. கல்லாவை மட்டும் பார்த்து அவர்கள் இறக்கினால், எட்டாம் தேதி வேண்டிய சரக்கு இருபதாம் தேதிதான் வரும்.

பிறைக் கிடங்கு:
உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது ஒப்பந்தம் எழுதாமல் கொடுத்ததால் வந்த வினை. பகிர்வதே தப்பு என்று ஆகாது. கணக்கை மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதே, அடுத்த மே வரைக்கும். 10 மூட்டை தேவைப்பட்ட கடைக்காரர் மூன்று பேரிடம் பத்துப் பத்தாகக் கேட்டார். எப்படியும் பாதிதான் கிடைக்கும் என்று சிலர் இருபதாகவே கேட்டார்கள். எங்கள் புத்தகத்தில் பினாங்கு முழுக்க வெங்காயத்தையே தின்று வாழ்கிற மாதிரி இருந்தது. அந்த நான்கு காரணங்களில் இதுவும் ஒன்று, பற்றாக்குறைக்குப் பயந்து கூட்டிக் கேட்பது.

555 புத்தகம்:
அந்த மூன்று பேரிடமும் கேட்டவர்களில் நானும் ஒருவன், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் வேறு நாட்டு வெங்காயம் வந்து விலை இறங்கியபோது என் ஸ்டோரில் 8 மூட்டை முளைவிட்டது. கடை வாசல் ஐந்தடி நடையில் சாக்கு விரித்து, பச்சை முளையைக் கிள்ளிக் கிள்ளி மாமாக் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தள்ளினோம். கை நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. ஆனாலும் கேட்கிறேன், என் கல்லாக் கணக்கு உங்களிடம் இருந்திருந்தால் கப்பல் வந்திருக்குமா?

பிறைக் கிடங்கு:
கப்பல் வந்திருக்காது. வந்த கொஞ்சத்தை நியாயமாகப் பிரித்திருக்கலாம். போன மாதம் 10 மூட்டை விற்றவருக்கு 5, இரண்டு விற்றவருக்கு ஒன்று என்று.

செந்தூல் அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் கடைக்காரரையும் சப்ளையரையும் பற்றியே பேசுகிறீர்கள். கடையும் கடையும் சேரக் கூடாதா? கோலாலம்பூரில் நாங்கள் ஐந்து கடைகள் அரிசியும் உளுந்தும் சேர்ந்து வாங்குகிறோம். கிள்ளானிலிருந்து ஒரே லோரி, ஐந்து வாசலில் இறக்கம். ஜெர்மனியில் எடேகா என்று பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறதே, அது 1898-ல் பெர்லினில் சின்ன மளிகைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கொள்முதல் செய்ததில் பிறந்தது. இன்று அந்த நாட்டில் அதுதான் முதலிடம். இங்கே 99 ஸ்பீட்மார்ட் 1987-ல் கிள்ளானில் ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கியது, 2024-ல் பங்குச் சந்தைக்கு வரும்போது 2,600 கடைகளுக்கு மேல். அதற்குச் சொந்தக் கிடங்குகள் இருக்கின்றன. தனித்தனியாக நின்று அதோடு விலையில் மோத முடியுமா?

சண்டை இல்லாமல் நடக்கிறது என்று சொல்லமாட்டேன். முதல் லோரியில் கிழிந்த மூட்டை யாருக்கு என்பதில் ஒருவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது கிழிந்ததை ஐந்தாகப் பங்கிட்டு நிறுக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, சேர்ந்து வாங்குங்கள். ஆனால் "நாம் ஐந்து பேரும் இந்த விலைக்குத்தான் விற்போம்" என்று மட்டும் பேசிவிடாதீர்கள். 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. போட்டி ஆணையம் அதே ஆண்டு முதன்முதலில் பிடித்ததே கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கத்தைத்தான். சேர்ந்து 10 விழுக்காடு விலை ஏற்றியதற்காக.

தம்பிக்கு: பில்லை இணையத்தில் வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வோய்ஸ் 2024 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது, பெரிய கம்பெனிகளிலிருந்து படிப்படியாகக் கீழே வந்தது. கணக்கு எப்படியும் வெளியே போகத்தான் போகிறது. இதில் மட்டும் என்ன பயம்?

555 புத்தகம்:
அது வருமான வரி வாரியத்துக்குப் போகிறது. வரி அதிகாரி என் பக்கத்துக் கடையில் பருப்பு பாக்கெட் அடுக்கமாட்டார். அதுவும் சில்லறை விற்பனையை மாதம் ஒருமுறை சேர்த்து அனுப்பலாம். தினமும் ராத்திரி எந்த டின் போனது என்று யாரும் கேட்கவில்லை.

பிறைக் கிடங்கு:
இதில் அண்ணன் சொல்வது சரி.

கடைத்தெருக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சேல்ஸ்மேனைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேட்டேன். அவர் கொண்டுவரும் சரக்கின் கணக்கு மட்டும்தான் போகும், பருப்பும் மசாலாவும் போகாது. அவராக இறக்கி விற்காமல் கிடப்பதை அவரே திருப்பி எடுக்க வேண்டும். என் கணக்கை வேறு யாருக்கும் காட்டக் கூடாது, அது கையெழுத்தில் வேண்டும். முதலாவதற்கு உடனே சரி என்றார். இரண்டாவதற்கு "மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார். மூன்றாவதற்கு டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு டீ கேட்டார்.

அப்பா இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி: செந்தூல் அக்கா உளுந்து மூட்டை எத்தனை வெள்ளிக்கு எடுக்கிறார்?

செந்தூல் அக்கா:
விலையை இங்கே போட்டால் கணக்குப்பிள்ளை சட்டம் பேசுவார். அப்பாவைப் போனில் கூப்பிடச் சொல்லுங்கள், நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். பகல் ரெண்டு மணிக்கு மேல்தான் கடையில் ஆள் குறையும்.