கலைச்சொல் தேவை: பின்ஷாக்கை "டைட்" வைப்பதற்கு என்ன சொல்?

*ஐடிஐ பயிற்றுநர், திண்டுக்கல்*

அனைவருக்கும் வணக்கம். இரு சக்கர வாகன மெக்கானிக் பிரிவில் பாடம் எடுக்கிறேன். திங்கட்கிழமை பின்பக்க ஷாக் அப்சார்பரை ஆள் எடைக்கு ஏற்ப வைக்கும் செய்முறை வகுப்பு. தாளைத் தமிழில் எழுதும்போது பிரீலோட், சாக் என்ற இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன்.

ஷாக்கின் சுருள்வில் வண்டியில் மாட்டும்போதே கொஞ்சம் இறுகித்தான் இருக்கும். ஸ்பிளெண்டரில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று உண்டு. கொக்கி ஸ்பேனரால் திருப்பினால் ஐந்து நிலைகள். அந்த ஆரம்ப இறுக்கம்தான் பிரீலோட். ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பது சாக். சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, பின் அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை டேப்பால் அளக்கிறோம். பிறகு ஓட்டுபவர் ஹெல்மெட்டோடு உட்கார, அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே மறுபடி அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த டிராவலில் (சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய முழுத் தூரம்) கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் பின்பக்க டிராவல் 180 மி.மீ.; ஆக 45-இலிருந்து 60.

பிரீலோடைக் கூட்டினால் வில்லே கடினமாகிவிடும் என்று மாணவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். "ஷாக்கை டைட் வை" என்று பட்டறையில் கேட்டுப் பழகிய நம்பிக்கை அது. அதை வளர்க்காத சொல் வேண்டும். சிலர் "முன்சுமை" என்கிறார்கள். சரியா?

*இயற்பியல் ஆசிரியை, மதுரை*

முன்சுமை வேண்டாம் ஐயா. அங்கே யாரும் சுமை ஏற்றவில்லை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். மி.மீட்டருக்கு 10 நியூட்டன் கேட்கும் வில்மேல் 800 நியூட்டன் வைத்தால் 80 மி.மீ. அமுங்கும். அதை முன்பே 20 மி.மீ. இறுக்கி வைத்திருந்தால் முதல் 200 நியூட்டன் அந்த இறுக்கத்துக்கே சரியாகப் போய்விடும். வண்டி இறங்குவது 60 மி.மீ. மட்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் அதே 10 நியூட்டன்தான். பதினொன்றாம் வகுப்பில் படித்த சுருள்மாறிலி மாறவில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறியது. இறுக்கியது மனிதர், இறங்கியது வண்டி. அமுக்கு, அமுங்கு என்று பிறவினையும் தன்வினையும் நம்மிடம் தயாராக இருக்கின்றன. முன்னமுக்கம், அமுங்கல் என்று வைத்துக்கொள்ளலாமே.

*மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்*

தன்வினை, பிறவினைப் பிரிப்பு நல்லது, அக்கா. ஆனால் எங்களுக்கு அமுக்கம் என்றால் உங்களுடைய அழுத்தம். வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம் என்றுதான் எழுதுகிறோம். முன்னமுக்கம் என்று வாசிக்கிற பிள்ளைக்கு முன் டயரின் காற்றமுக்கம் என்றே விளங்கும். அதே தாளில் டயர்க் காற்றும் வரும்தானே? இறுக்கு என்ற வினை இரண்டு கரையிலும் ஒன்று. முன்னிறுக்கம் என்போம். சாக் என்பதற்குத் தொய்வு போதாதா?

*பட்டறை உரிமையாளர், நாமக்கல்*

தொய்வு ஆகாதுங்க. செயினுக்கு என்ன சொல்வீங்க? செயின் தொய்வு பார்க்குறதும் இதே பையன்கதான். ரெண்டும் தொடர்புள்ள வேலை வேற: ஆள் ஏறி வண்டி இறங்குனா செயினோட தொய்வும் மாறும். ஒரே வரியில ரெண்டு தொய்வு வந்தா கை தப்பா வேலை செய்யும்.

லாரிக்காரங்க பட்டை வில்லைப் பார்த்து "பட்டை படிஞ்சிருச்சு"ன்னு சொல்வாங்க. ஆனா அது பட்டை உயிர் போனதுக்குச் சொல்ற சொல்லு, சாதாரணமா இறங்குறதுக்கு இல்ல. ஆள் ஏறுறப்ப "வண்டி உட்காருது"ங்கிறோம். அமர்வுன்னு வைங்களேன்.

*தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்*

அமர்வு இன்று கருத்தரங்கு அமர்வாகிவிட்டது. அதை மீட்பது கடினம்.

சுமையேற்றிய வண்டி பள்ளத்தில் இறங்குவதையும் மேட்டில் ஏறுவதையும் நம்மவர் எப்போதோ பாடிவிட்டனர். புறநானூறு 102-இல் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகையில், எருதுகள் இளையன, பண்டமோ பெரிது, "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்ன ஆகுமோ என்று உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடிமரத்தில் கட்டிச் சென்ற சேமவச்சு, அதாவது மாற்று அச்சு, போன்றவன் என்கிறார். ஆள் எடை, கூட வருபவர், மூட்டை, மேடு பள்ளம் என நம் பாடப்பொருள் மொத்தமும் அதில் இருக்கிறது. ஸ்டெப்னிக்குச் சேமச்சக்கரம் என்ற சொல்லை இன்னும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோமே என்பது என் நெடுநாள் வருத்தம்.

இழிதல் கீழிறங்குதல். பொருள் தாழ்ந்துவிட்டதால் இழிவு என்று இனி சொல்ல முடியாது. ஆனால் தேய்மானம் போல அளவைக் குறிக்கும் விகுதி கொண்டு அமுங்குமானம் எனலாம். எத்தனை மி.மீ. என்று கேட்கும் சொல்லுக்கு அளவு விகுதிதான் பொருந்தும்.

*பொறியாளர், கோயம்புத்தூர்*

ஐயா, மானம் வடசொல். அமுங்களவு என்றாலே போதும்.

*தமிழ்ப் பேராசிரியர்*

தம்பி, வரும்படியும் வருமானமும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. மானத்தை விலக்கினால் பெறுமானம், கட்டுமானம் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். விலக்குகிறீர்களா?

*பொறியாளர்*

பழையது இருக்கட்டும் ஐயா. புதிதாக ஆக்கும்போதாவது தூய்மை பார்க்கலாமே என்பதே என் வேண்டுகோள்.

*ஐடிஐ பயிற்றுநர்*

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்குத் தாள் வேண்டும். முன்னிறுக்கத்தைச் சில மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் நேராக முன் ஃபோர்க்கைத் தொட்டான். "முன்" என்றால் வண்டியில் முன்பக்கம். "பின்ஷாக்கின் முன்னிறுக்கம்" என்று எழுதினால் அவனைக் குறை சொல்ல முடியாது.

*இயற்பியல் ஆசிரியை*

இது பெரிய குறை. முதலிறுக்கம்? தொடக்க இறுக்கம்? "தொடக்க" இயற்பியலில் பழகியதுதான்; தொடக்கத் திசைவேகம் என்கிறோம்.

*மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்*

முன்னெச்சரிக்கை என்று போட்டால் யாரும் முன் சக்கரத்தைப் பார்ப்பதில்லையே. பழகினால் விளங்கும். ஒவ்வொரு பட்டறைக் குழப்பத்துக்கும் சொல்லை மாற்றினால் அகராதி எங்கே நிற்கும்? முன்னிறுக்கம் ஒரே சொல்லாக நிற்கிறது. தொடக்க இறுக்கம் விளக்கமாக நீளுகிறது.

*பட்டறை உரிமையாளர், நாமக்கல்*

அகராதி நிக்கட்டுமுங்க, வண்டியும் நிக்கணும். பின்னாடி ஆளும் பேக்கும் ஏறி, ஷாக்கைத் தொடாம கிளம்புனா பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகும். ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். வளைவுல வண்டி அகலமாப் போகும். இந்தத் தாளைப் படிக்கிறவன் சரியான வளையத்தைச் சரியான பக்கம் திருப்பணும். தொடக்க இறுக்கத்துக்கு என் ஓட்டு. இன்னொண்ணும் எழுதுங்க: மூட்டையை டெயில் லைட்டுக்குப் பின்னாடி தொங்கவிடாம, சீட்டை ஒட்டித் தாழக் கட்டணும். ஆள் இறங்குனதும் வளையத்தைப் பழைய படிக்குத் தளர்த்தணும். இல்லேன்னா ஒத்தை ஆளுக்கு வண்டி தூக்கித் தூக்கிப் போடும்.

*இயற்பியல் ஆசிரியை*

அமுங்கலிலும் இரண்டு உண்டு ஐயா. வண்டி தன் எடைக்கே இறங்குவது ஒன்று, ஆளோடு இறங்குவது இன்னொன்று. ஆளோடு அளவு சரியாக வந்தும், தன்னெடைக்கு வண்டி ஏறக்குறைய இறங்கவே இல்லை என்றால், அந்த ஆளுக்கு அந்த வில் மெலிது; வளையத்தைத் திருப்பித் தீராது, வில்லைத்தான் மாற்ற வேண்டும். எனவே வெற்றமுங்கல், ஆளமுங்கல் என்று பிரியுங்கள். அமுங்குமானம் என்றால் இந்தப் பிரிப்பு நாக்கில் நிற்காது.

*ஐடிஐ பயிற்றுநர்*

தொடக்க இறுக்கம், வெற்றமுங்கல், ஆளமுங்கல் என்று தாளை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். குழுவில் பெரும்பாலோர் இதற்கு இசைந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். டிராவலை டிராவல் என்றே விட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

*மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்*

உங்கள் வகுப்புக்கு அது சரி. என் சொற்பட்டியலில் முன்னிறுக்கம் இருக்கும். அடைப்புக்குள் "தொடக்க இறுக்கம் என்றும் வழங்கும்" என்று போடுகிறேன்.

*தமிழ்ப் பேராசிரியர்*

அமுங்குமானத்தை நான் கைவிடவில்லை. டிராவலை அப்படியே விட்டதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டம் என்ற சொல் இருக்கிறது. அதோடு, வில்லை இறுக்கிய பின் அது திரும்பி எழும் வேகத்தை எண்ணெய் தடுத்து அடக்குவதைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை. இறுக்கம் கூடினால் எழும் விசையும் கூடும் அல்லவா? அந்த எழுச்சிக்கு என்ன பெயர் வைப்பது?