பழைய மடிக்கணினிக்கு எந்த மெயில் மென்பொருள் சரி?

கேள்வி:
4 ஜிபி ரேம் மடிக்கணினி, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இயங்குதளம். என் தையல் கடை ஆர்டர்கள் எல்லாம் மெயிலில்தான் வருகின்றன; இரண்டு ஐமேப் (மடல்கள் சர்வரிலேயே இருக்கும் முறை) கணக்குகள். நெட் இல்லாதபோதும் பழைய அளவுகளைத் தேடி எடுக்க வேண்டும். பிரவுசரில் அது முடியாமல் போன வாரம் ஒரு கல்யாண ரவிக்கை தாமதமானது, இன்னும் மனசு கேட்கவில்லை. தண்டர்பேர்டா, எவல்யூஷனா, கிளாஸ் மெயிலா?

பதில் 1:
மின்ட்டில் தண்டர்பேர்ட் ஏற்கெனவே இருக்கும், அதிலேயே தொடங்குங்கள் அக்கா. ஐமேப் மடல்களைக் கணினியிலும் சேமித்து வைக்கும். ஒன்று கவனியுங்கள்: வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மடல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். அழித்த மடலும் ‘காம்பாக்ட்’ (கோப்பைச் சுருக்கும் கட்டளை) செய்யும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எவல்யூஷன் அலுவலக எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சேவை) கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நல்லது.

பதில் 2:
ரேம்தான் கவலை என்றால் கிளாஸ் மெயில். மிக இலகு, மடலுக்கு ஒரு கோப்பு என்பதால் டெர்மினலில் கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டும் தேடலாம். ஆனால் எச்டிஎம்எல் (உள்ளேயே படம், வண்ணம் வைக்கும்) மடல் எழுத முடியாது. வெறும் எழுத்து மட்டும்தான்.

கேட்டவர்:
வாடிக்கையாளர்களுக்குத் துணியின் படத்தை மடலுக்குள்ளேயே வைத்து அனுப்புவேன், அதனால் தண்டர்பேர்ட்தான். இன்று இரவே இரண்டு கணக்கையும் இறக்கிவிட்டு, நெட்டை அணைத்துத் தேடிப் பார்க்கிறேன். மிக்க நன்றி தம்பி.