உள்நாட்டுப் போருக்குக் காரணம்: டெக்சாஸ் எட்டாம் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பிரிஸ்கோ அம்மா:
என் மகள் எட்டாம் வகுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமை முறையின் விரிவாக்கமே மையக் காரணம் என்று நோட்டில் எழுதி வந்திருக்கிறாள். அக்கா மகன் 2013 வாக்கில் இங்கேயே படித்தவன். "வட்டாரப் பிளவு, மாநில உரிமை, அடிமை முறை, இந்த வரிசைதான் சித்தி எங்களுக்கு" என்கிறான். ஒரே மாநிலம், ஒரே போர். யார் சொல்வது சரி?

கரும்பலகை:
இந்தப் பாடத்தை இங்கே நடத்துகிறவள் நான். இருவரும் அவரவர் காலத்துப் பாடத்தரத்தை, அதாவது எந்த வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மாநிலம் வகுக்கும் பட்டியலை, ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். 2010இல் மாநிலக் கல்வி வாரியம் நிறைவேற்றிய தரத்தில் உங்கள் அக்கா மகன் சொன்ன வரிசையே இருந்தது. அடிமை முறை கடைசி. வாரியத்தில் 15 பேர், எல்லாரும் கட்சி வேட்பாளர்களாகத் தேர்தலில் வென்று வருபவர்கள். 2018இல் திருத்தினார்கள். அடிமை முறையின் விரிவாக்கம் நடுவே வந்தது, மற்ற இரண்டும் அதன் விளைவுகளாயின. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில், போர் தொடங்கிய 1861இல் நடந்தது எதுவும் மாறிவிடவில்லை!

என்னைக் கேட்டால், வரிசையைவிட எந்த ஆவணம் பட்டியலில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் அதிபர் ஜெபர்சன் டேவிஸின் பதவியேற்பு உரையை லிங்கனின் உரைகளோடு ஒப்பிடச் சொன்னது 2010 தரம். டேவிஸ் உரையில் அடிமை முறை பற்றிய பேச்சே இல்லை. அடுத்த மாதமே அவருடைய துணை அதிபர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று சவானாவில் முழங்கினார். அது பட்டியலில் இல்லை. ஒன்றை மட்டும் படித்த பிள்ளைக்கு எந்தச் சித்திரம் கிடைக்கும்?

ஆஸ்டின்வாசி:
வாரியம் எதை எழுதினால் என்ன? ஆசிரியர் நினைத்தால் ஸ்டீபன்ஸையும் நடத்தலாமே.

கரும்பலகை:
நடத்தலாம் ஐயா, யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் ஆண்டு இறுதியில் மாநிலத் தேர்வு நிற்கிறது. தரத்தில் 'உட்பட' என்று வரும் பெயர்கள் கட்டாயம், 'போன்ற' என்று வருபவை எடுத்துக்காட்டு மட்டுமே. குடியேற்றக் காலத்திலிருந்து 1877 வரை ஒரே ஆண்டில் ஓட வேண்டியவள், கட்டாயத்தை முடித்து மூச்சுவிடுவதற்குள் மே மாதம் வந்துவிடும்.

பிரிஸ்கோ அம்மா:
போகட்டும் டீச்சர், உயர்நிலைப் பள்ளியில் விரிவாகப் படிப்பாள் அல்லவா?

கரும்பலகை:
மாட்டாள் அம்மா. அங்கே அமெரிக்க வரலாறு 1877இலிருந்துதான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பில் கொஞ்சம் தொட்டிருப்பார்கள், இப்போது படிப்பதோடு இந்தப் போர் முடிந்தது. டெக்சாஸ் பிரிந்துபோனபோது 1861 பிப்ரவரியில் வெளியிட்ட காரண அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது, சிறியதுதான். எதற்காகப் பிரிகிறோம் என்று அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். மொழி அருவருப்பாக இருக்கும். அதனால் தனியே படிக்க விடாமல் நீங்களும் கூட உட்காருங்கள்.