எஸ்இஓ கம்பெனிய வைக்கலாமா வேணாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, எங்க சைட்டுக்கு எஸ்இஓ (கூகுள் தேடல்ல சைட்ட மேல கொண்டு வர்ற வேலை) பண்ண ஒரு கம்பெனிய வைக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன், பேசினவங்க மூணே மாசத்துல முதல் இடம் கேரண்டின்னு அடிச்சு சொல்றாங்க, ஆனா கூகுளே தன்னோட உதவிப் பக்கத்துல முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது, பலன் தெரிய பொதுவா 4 மாசத்துலேர்ந்து 1 வருஷம் ஆகும்னு போட்டிருக்கு.

எனக்கு பெரிய பயமே பேக்லிங்க், அதாவது மத்த சைட்லேர்ந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க் தான். லிங்க் எங்கேர்ந்து வரும்னு கேட்டா பதில் சொல்லாம நழுவுறாங்க. 2012ல போலி லிங்க் வச்சு மேல வர்ற சைட்ட கீழ தள்ற கூகுளோட பென்குயின் அப்டேட் வந்தப்போ காசு குடுத்து லிங்க் வாங்கின நிறைய சைட் ஒரேடியா கீழ போச்சு, அடி வாங்கினது சைட் வச்சிருந்தவங்க தான்.

கூகுளோட சர்ச் கன்சோல்ல (நம்ம சைட் தேடல்ல எப்படி இருக்குன்னு காட்டுற டூல்) பார்த்தா சில பக்கம் இன்டெக்ஸே ஆகல, அதாவது கூகுள் தேடல் பட்டியல்லயே சேரல, பாதி பக்கத்துக்கு டைட்டில் ஒரே மாதிரி இருக்கு, இதெல்லாம் நாமளே சரி பண்ணிடலாம்னு தோணுது. அப்போ ஒரு தடவை ஆடிட் (சைட்ட சோதிச்சு குறை என்னன்னு சொல்றது) மட்டும் வாங்கினா போதுமா இல்ல மாசாமாசம் காண்ட்ராக்ட் போடணுமா? ஆடிட்டுக்கே சர்ச் கன்சோல்ல ஓனர் ஆக்சஸ் (முழு உரிமை) கேக்குறாங்க, பார்க்க மட்டும் பர்மிஷன் குடுத்தா போதும்தானே?

கம்பெனி வச்சு உண்மையிலேயே ஆர்டர் கூடினவங்க இருந்தா, முதல் மாசம் என்னென்ன செஞ்சு குடுத்தாங்கன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன், ப்ளீஸ்.