பக்கத்து லேனில் புது ஃபேக்டரி கார் வந்து நின்ற அன்று: உங்கள் அனுபவம் என்ன?

மாண்டிகார்லோ86

நடந்து மூன்று மாசம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. மிச்சிகனில் சனிக்கிழமை பிராக்கெட் ரேஸ் (நேர்த் தடத்தில் இரண்டிரண்டு வண்டியாக ஓடுவது, மெதுவான வண்டி முன்னதாகக் கிளம்பும்), ஸ்ட்ரீட் வகுப்பு. என்னுடையது 86 மாடல் மாண்டி கார்லோ, 350 இன்ஜின், கார்புரேட்டர், ஆறு குளிர்காலம் கராஜ் தரையில் படுத்துக் கட்டிய வண்டி. மூன்றாவது ரவுண்டில் பக்கத்து லேனில் ஒரு வெள்ளை மின்சார செடான் வந்து நின்றது. டீலர் ஒட்டிய காகித நம்பர் பிளேட்கூட இன்னும் மாறவில்லை.

என் டயல், அதாவது வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் நேரம், 13.10, அவருடையது 11.70. எனக்கு 1.4 விநாடி முன்னால் பச்சை விழுந்தது, கிளம்பினேன். பின்னால் சத்தமே இல்லை. துரத்தி வருகிறவன் எங்கே இருக்கிறான், கடைசியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கலாமா வேண்டாமா என்பதை இத்தனை வருஷமும் காதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். அன்று என் இன்ஜின் சத்தம் மட்டும்தான். ஆயிரம் அடி பலகையைத் தாண்டும்போது கண்ணாடியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது, அப்புறம் அது கதவுப் பக்கத்தில் இருந்தது, அப்புறம் முன்னால்.

நேரம் அச்சிட்ட ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தால் என் ரியாக்‌ஷன் 0.048, அவருடையது 0.061. ட்ரீயில், அதாவது ஸ்டார்ட் விளக்குகளைப் பார்த்துக் கிளம்புவதில், நான்தான் ஜெயித்திருக்கிறேன். ஆனால் என் வண்டி 13.13 ஓடிவிட்டது, அவருடையது 11.702. மொத்த வித்தியாசம் 0.015 விநாடி, தரையில் அளந்தால் இரண்டு அடி சொச்சம். மாலையில் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது, கார்புரேட்டர் வண்டிக்கு அது போதும். அதற்கு முந்தைய இரண்டு ரவுண்டில் அவர் ஓடியது 11.701, 11.704. ரிட்டர்ன் ரோடில் நிறுத்தி விசாரித்தேன், வண்டி வாங்கி மூன்று வாரம் என்றார், நல்ல மனுஷர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காற்றையும் ஈரத்தையும் படிக்க நான் கற்றதுதான் இந்த விளையாட்டு என்று நினைத்திருந்தேன், அது தேவையே இல்லாத ஒரு வண்டியை ஏன் என் வகுப்பில் விடுகிறார்கள்?

மேப்பிள்குரோவ்_ரசிகன்

அண்ணா, வருத்தம் புரிகிறது, ஆனால் வாதம் சரியில்லை. பிராக்கெட் ரேஸே வேகத்தைக் கழித்துவிட்டு ஆளைப் பார்க்கத்தான் இருக்கிறது. டயல் போட்டது நீங்கள், ஈரக்காற்று வருவதைப் பார்த்து 13.12 என்று மாற்றி எழுதியிருந்தால் ஸ்லிப் உங்கள் பக்கம்.

உண்மையான அநியாயம் எங்கே என்றால் ஃபேக்டரி வண்டிகளுக்கான ஸ்டாக் எலிமினேட்டர் பிரிவில், அதுவும் ஒரே வகுப்பு வண்டிகள் மோதும்போது. அங்கே ஹேண்டிகேப் (மெதுவான வண்டி முன்னதாகக் கிளம்பும் சலுகை) கிடையாது, முதலில் கோட்டைத் தொட்டவனுக்கு வெற்றி. என் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பென்சில்வேனியாவில் மேப்பிள் குரோவ் டிராக்குக்குப் போவேன், அவரிடம் 1969 மாடல் கமேரோ. எடையைக் குதிரைத்திறனால் வகுத்துத்தான் அங்கே வகுப்பு. அந்தக் கணக்கில் அவரும் ஒரு புது கோபோ கமேரோவும் ஒரே வகுப்பு எழுத்தில் விழுந்துவிட்டார்கள். செவர்லே 2012-ல் ரேஸுக்கென்றே 69 வண்டி செய்து விற்றதே, அந்த வகை. ரோட்டில் ஓட்டப் பதிவு பண்ணவே முடியாது, ரோல் கேஜோடு ஃபேக்டரியிலிருந்தே வரும். ஃபோர்டும் 2008-ல் 50 கோப்ரா ஜெட் மஸ்டாங் ரேஸுக்கென்றே விட்டது. பெரியவர் முன்னங்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப. தோற்றார், நெருக்கத்தில்கூட இல்லை.

திரும்பி வரும்போது நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "68-ல் கோப்ரா ஜெட் மஸ்டாங் பொமோனாவுக்கு வந்தபோது ஃபோர்டு காகிதத்தில் எழுதியது 335 குதிரைத்திறன். அவ்வளவு குறைவு என்று பார்த்தவன் எவனும் நம்பவில்லை. 69-ல் செவர்லே 427 அலுமினிய இன்ஜினோடு ZL1 கமேரோ 69 வண்டி விட்டது. அன்றைக்கு எங்களைத் திட்டினார்கள்." அதனால்தான் ரேஸ் நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. குதிரைத்திறனை அப்படியே நம்பாமல், ஓடிய நேரத்தைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போகிறது. ஏற்ற ஏற்ற எடை கூட்ட வேண்டும், இல்லையென்றால் வகுப்பு மாறும். ஆனால் அந்தக் கணக்கு வண்டியைப் பிடிப்பதற்குள் ஒன்றிரண்டு சீசன் ஓடிவிடுகிறது, கோப்பையும் போய்விடுகிறது. அதைத்தான் கேள்வி கேட்க வேண்டும், ஒரு பிராக்கெட் ரவுண்டை அல்ல.

ஓஹையோ_அண்ணன்

எனக்கும் ஒரு தடவை மின்சார வண்டி மாட்டியது, பச்சைக்கு முன்பே கிளம்பி ரெட் லைட் போட்டுத் தோற்றேன், சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆனால் மாண்டிகார்லோ தம்பிக்கு ஒன்று சொல்லணும். முதலில் ஒரு வானிலைக் கருவி வாங்குங்கள், ஃபோனில் வரும் ஏர்போர்ட் கணக்கை நம்பாதீர்கள், ஏர்போர்ட் இருபது மைல் தள்ளி இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெப்பம், ஈரம், அழுத்தம், அறுபது அடி நேரம் (முதல் அறுபது அடி ஓட எடுப்பது) எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஐம்பது ஓட்டம் சேர்ந்தால் உங்கள் வண்டிக்கு எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தானாகத் தெரியும். இன்ஜின் சூடு ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், மின்சாரத் தண்ணீர் பம்ப் போட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டும் குளிர வைக்கலாம். பின் டயர் காற்றை வெயில் விழாத பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் வெயில் பட்டால் அளவு பொய் சொல்லும். பெட்ரோலும் எப்போதும் ஒரே அளவு. ரவுண்டுக்கு நடுவில் கார்புரேட்டர் ஜெட் மாற்றவே மாற்றாதீர்கள். ஸ்டேஜ் பண்ணும்போது, அதாவது கோட்டில் வண்டியை நிறுத்தும்போது, முதல் விளக்கு எரிந்ததும் ஒரு மூச்சு விட்டு, பிறகு மெல்ல உருட்டி இரண்டாவதை மட்டும் தொடுங்கள், ஆழமாகப் போனால் அறுபது அடி நேரமே மாறிவிடும். சத்தம் கேட்கவில்லை என்றால் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், ஆயிரம் அடியில் ஒரு தடவை. அதைப் பழக வேண்டும், ஸ்டியரிங் கூடவே திரும்பும்.

டெக்சஸ்காரி

நான் அந்த "வாங்கி மூன்று வாரம்" ஆள் மாதிரிதான். வேறு ஊர், வேறு வண்டி, ஆனால் மின்சாரம்தான்.

முதல் நாள் நான் செய்தது இன்னும் உறுத்துகிறது. எல்லாரும் போவதைப் பார்த்து நானும் வாட்டர் பாக்ஸுக்குள் (டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்கும் தண்ணீர்ப் பகுதி) நேராக இறங்கிவிட்டேன். என்னுடையது நான்கு சக்கர டிரைவ், ரோட்டு டயர், அதன் பள்ளத்தில் தண்ணீர் முழுக்க நிற்கும். அதோடு கோடு வரைக்கும் உருண்டேன், இரண்டு ஈரத் தடம் ஸ்டார்ட்டிங் லைன் வரை நீண்டு போயிருந்தது. ஆட்கள் பிளோயரோடு ஓடி வந்தார்கள், ரேஸ் பத்து நிமிஷம் நின்றது. எனக்குப் பின்னால் ஒரு பழைய நோவா காரில் இருந்தவர் இறங்கி வந்தார், திட்டப் போகிறார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குனிந்து, "அடுத்த தடவை பக்கத்தில் சுற்றிப் போம்மா, தண்ணீர் எங்களுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான். அவரைத்தான் அடுத்த ரவுண்டில் தோற்கடித்தேன், கையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணா, ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டி எனக்காக மிதி போடாது. ஃபோனில் ட்ரீ வைத்து ராத்திரி ராத்திரி பழகியிருக்கிறேன். எங்களுக்கும் நேரம் மாறும். 92 சதவீதம் சார்ஜில் 11.68 ஓடியது, நான்காவது ரவுண்டில் 61 சதவீதத்துக்கு இறங்கி 11.81 ஆகிவிட்டது, அதைக் கணக்குப் பண்ணாமல் அன்றைக்கே தோற்றேன். பிட்டில் சார்ஜ் போட வழியில்லை. டாட்ஜ் டெமன் கார் வந்தபோதும் இதே கூச்சல்தான் கேட்டது: 2018 மாடல், 840 குதிரைத்திறன், 9.65 விநாடி, ரோல் கேஜ் இல்லை என்று என்.எச்.ஆர்.ஏ. கடிதமே போட்டது. அது பாதுகாப்பு, ஒப்புக்கொள்கிறேன். என்னைத் தடுக்க என்ன காரணம்?

மாண்டிகார்லோ86

தங்கை, 61 சதவீத விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன். உங்களைத் தடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் கிளம்பும் நொடியைத் தாமதப்படுத்திச் சரிசெய்யும் எலக்ட்ரானிக் டிலே பாக்ஸ் வந்தபோது என்ன செய்தோம்? அது வைத்தவர் ஒரு வகுப்பு, வைக்காதவர் ஒரு வகுப்பு என்று பிரித்தோம், யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. நான் கராஜில் போட்டால் எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்குப் போ என்கிற அதே டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஃபேக்டரியில் போட்டு வந்தால் ஸ்ட்ரீட் வகுப்பில் நிற்கலாமா? மேப்பிள்குரோவ் தம்பி, இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஓஹையோ அண்ணன் சொன்ன தண்ணீர் பம்ப் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. வானிலைக் கருவி இல்லை, வாங்குகிறேன். போன வாரம் வகுப்பைப் பிரிக்கச் சொல்லி எங்கள் டிராக் ஆபீஸில் கடிதம் கொடுத்தேன், ஒன்பது பேர் கையெழுத்து, அதில் ஒருவர் அந்த வெள்ளை செடான்காரர்.